ஜிடிகே 4 கம்பைல் பண்றப்ப டிபென்டென்சி இல்லனு நின்னா: எந்த எர்ரருக்கு என்ன பண்ணனும்

மொதல்லயே சொல்லிடறேன், ஜிடிகேல (லினக்ஸ்ல ஆப்புக்கு விண்டோ, பட்டன் எல்லாம் குடுக்கற லைப்ரரி) ஒரு ஆப் எழுதணும் அவ்வளவு தான்னா சோர்ஸ் பக்கமே போகாதீங்க. உபுண்டு 22.04ல 4.6 இருக்கு, 24.04ல 4.14 இருக்கு, லிப்ஜிடிகே-4-டெவ்னு ஒரு பேக்கேஜ ஆப்ட்ல போட்டா வேலை முடிஞ்சுது. அதுக்கும் புது வெர்ஷன் வேணும், இல்ல ஜிடிகேலயே கை வச்சு பேட்ச் அனுப்பணும்ங்கறவங்களுக்கு தான் இது. உபுண்டு, டெபியன் வச்சு எழுதிருக்கேன். கமாண்டெல்லாம் தமிழ் எழுத்துல இருக்கும், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிச்சுக்கங்க.

ஜிடிகே தனியா நிக்கற லைப்ரரி கிடையாது. அடில ஜிலிப், எழுத்துக்கு பாங்கோ, பாங்கோவுக்கு கீழ ஹார்ஃப்பஸ், ஃப்ரிபிடி, ஃபான்ட்கான்ஃபிக், வரையறதுக்கு கெய்ரோ, இமேஜுக்கு பிக்ஸ்பஃப், வெக்டார் கணக்குக்கு கிராஃபீன், ஓபன்ஜிஎல்லுக்கு எபாக்ஸி, இது போக ஸ்க்ரீன்ல விண்டோ காட்டற எக்ஸ்11 கூட்டம், வேலண்ட் கூட்டம். இது ஒவ்வொண்ணும் தனித்தனி ப்ராஜெக்ட், தனித்தனி ரிலீஸ். அதனால மீசன் (கம்பைலுக்கு முன்னாடி தேவையானதெல்லாம் இருக்கானு தேடி ரெடி பண்ற டூல்) "நாட் ஃபவுண்ட்"னு சொன்னா அந்த லைப்ரரி மெஷின்ல இல்லனு மட்டும் நெனச்சுக்காதீங்க. நிஜமாவே இல்லாம இருக்கலாம், பழசா இருக்கலாம், இருந்தும் மீசன் தேடாத எடத்துல இருக்கலாம், இல்ல மீசன் வேற எங்கயோ பாத்துட்டு இருக்கலாம். எதுனு தெரியாம ஒவ்வொரு லைப்ரரியா சோர்ஸ் டார்பால் எறக்கி கம்பைல் பண்ண ஆரம்பிச்சா ராத்திரி பூரா அதுலயே போயிடும், காலைல டெஸ்க்டாப்பும் வராது.

நெட்ல இன்னும் சுத்திட்டு இருக்கற பழைய வழிமுறைங்கள்ல ஜிலிப், ஏடிகே, பாங்கோ, ஜிடிகேனு வரிசையா கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் அடிக்க சொல்லுவாங்க. அது ஜிடிகே 2, 3 காலத்துது. 2020 டிசம்பர்ல வந்த 4.0ல இருந்து ஏடிகே தேவையே இல்ல, அக்ஸஸிபிலிட்டி உள்ளயே வந்துருச்சு, கான்ஃபிகர் ஸ்கிரிப்டும் கிடையாது, மீசனும், அது ரெடி பண்ணத கம்பைல் பண்ற நின்ஜாவும் தான். அத ஒரு ஓரமா வச்சுருங்க.

எதையும் தொடறதுக்கு முன்னாடி "சுடோ ஆப்ட் பில்ட்-டெப் ஜிடிகே4" அடிங்க. டிஸ்ட்ரோக்காரங்க அவங்க ஜிடிகேவ கம்பைல் பண்ண என்னென்ன வேணும்னு லிஸ்ட் வச்சிருப்பாங்க, அது மொத்தமா எறங்கிடும், முக்காவாசி எர்ரர் வராமலே போயிடும்.

பில்ட்-டெப் அடிச்சா "டெப்-எஸ்ஆர்சி யூஆர்ஐ போடு"ன்னு திட்டுது

சோர்ஸ் ரெப்போ ஆஃப்ல இருக்குனு அர்த்தம். பழைய உபுண்டுல ஈடிசி ஆப்ட் ஃபோல்டர்ல சோர்சஸ்.லிஸ்ட் ஃபைல்ல டெப்-எஸ்ஆர்சி லைனுக்கு முன்னாடி இருக்கற ஹேஷ எடுங்க. 24.04ல அந்த ஃபைல் கிட்டத்தட்ட காலியா இருக்கும் பாத்து பயந்துடாதீங்க, விஷயம் சோர்சஸ்.லிஸ்ட்.டி ஃபோல்டர்ல உபுண்டு.சோர்சஸ்ங்கற ஃபைலுக்கு போயிடுச்சு, அதுல "டைப்ஸ்: டெப்"னு இருக்கறத "டைப்ஸ்: டெப் டெப்-எஸ்ஆர்சி"னு மாத்திட்டு ஆப்ட் அப்டேட் அடிங்க. ஃபெடோராக்காரங்களுக்கு "டிஎன்எஃப் பில்ட்டெப் ஜிடிகே4", அவ்வளவு தான்.

"டிபென்டென்சி கிராஃபீன்-ஜிஆப்ஜெக்ட்-1.0 நாட் ஃபவுண்ட், டிரைட் பிகேஜிகான்ஃபிக் அண்ட் சிமேக்"

எல்லாரும் முட்டிக்கற எடம் இது. அந்த பேர அப்படியே காப்பி பண்ணி ஆப்ட் இன்ஸ்டால்ல போட்டு பாப்பாங்க, "அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்"னு வரும், உடனே நம்ம ரெப்போல இல்ல போலனு சோர்ஸ் தேடி கிளம்பிடுவாங்க. மீசன் சொல்றது பேக்கேஜ் பேரே இல்ல, அது ஒரு டாட் பிசி ஃபைலோட பேரு. ஒவ்வொரு லைப்ரரியும் தன்னோட ஹெட்டர் எங்க, எந்த ஃப்ளாக் குடுத்து லிங்க் பண்ணனும், வெர்ஷன் என்ன, வேற யார் யார் வேணும்னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சிருக்கும், பிகேஜி-கான்ஃபிக் அத தான் படிக்குது. ஒரு வாட்டி அந்த ஃபைல "கேட்" கமாண்ட் அடிச்சு பாருங்க, பத்து இருபது லைன் தான், பாதி குழப்பம் அதுலயே தீரும்.

அந்த ஃபைல் எந்த பேக்கேஜ்ல இருக்குனு கண்டுபிடிக்க ஆப்ட்-ஃபைல்னு ஒரு டூல் இருக்கு. அத இன்ஸ்டால் பண்ணி, "ஆப்ட்-ஃபைல் அப்டேட்" ஒரு தடவ அடிச்சுட்டு, "ஆப்ட்-ஃபைல் சர்ச் கிராஃபீன்-ஜிஆப்ஜெக்ட்-1.0.பிசி"னு தேடுங்க. "லிப்கிராஃபீன்-1.0-டெவ்"னு ஒரு லைன் வரும், அத போடுங்க, முடிஞ்சுது. கெஸ் பண்ணி பேர் அடிக்கறத விட இது நூறு மடங்கு மேல், ஏன்னா பேர்ல எந்த ஒழுங்கும் கிடையாது: எபாக்ஸினு கேட்டா லிப்எபாக்ஸி-டெவ், கெய்ரோ-ஜிஆப்ஜெக்ட்னு கேட்டா லிப்கெய்ரோ2-டெவ், பாங்கோகெய்ரோனு கேட்டா லிப்பாங்கோ1.0-டெவ், ஜியோ-2.0னு கேட்டா அது ஜிலிப்புக்குள்ள இருக்கு, லிப்ஜிலிப்2.0-டெவ். ஃபெடோரால இந்த தேடல் கூட வேணாம், டிஎன்எஃப் இன்ஸ்டால்ல "பிகேஜிகான்ஃபிக்"னு போட்டு ப்ராக்கெட்டுக்குள்ள அந்த பேர குடுத்தா அதுவே கண்டுபிடிச்சு போட்டுக்கும், இந்த ஒரு விஷயத்துல அவங்க குடுத்து வச்சவங்க.

"இன்ஸ்டால் ஆயிருக்கே, ஆப்ட் லேட்டஸ்ட்னு தானே சொல்லுது, ஆனா மீசன் இல்லங்குது"

மொதல்ல பாக்க வேண்டியது டெவ் பேக்கேஜா வெறும் பேக்கேஜானு. லிப்எபாக்ஸி0னு ஒண்ணு இருக்கும், அது ரன் பண்ண மட்டும் தான், ஹெட்டரும் டாட் பிசியும் லிப்எபாக்ஸி-டெவ்ல தான் வரும். பாதி கேஸ் இங்கயே முடிஞ்சிடும்.

டெவ்வும் இருக்குன்னா "விச் பிகேஜி-கான்ஃபிக்" அடிங்க. யூஎஸ்ஆர்/பின்ல (சிஸ்டத்தோட ஃபோல்டர்) இருக்கணும். அனகோண்டா, லினக்ஸ்ல ஹோம்ப்ரூ மாதிரி வேற பேக்கேஜ் மேனேஜர் போட்டு வச்சிருந்தா அதோட சொந்த பிகேஜி-கான்ஃபிக், கமாண்ட தேடற ஃபோல்டர் வரிசைல (பாத்) முன்னாடி வந்து ஒக்காந்துக்கும், அது அதோட ஃபோல்டர மட்டும் தான் பாக்கும், சிஸ்டத்துல நீங்க ஆப்ட்ல போட்ட எதுவும் அதுக்கு தெரியாது. டெர்மினல் ப்ராம்ப்ட்ல "பேஸ்"னு ஒட்டிட்டு இருந்தா "கோண்டா டீஆக்டிவேட்" அடிச்சுட்டு பில்ட் ஃபோல்டர தூக்கி போட்டுட்டு திரும்ப பண்ணுங்க. இதுல மோசமானது முழுசா ஃபெயில் ஆகறது இல்ல, பாதி அங்கருந்தும் பாதி இங்கருந்தும் எடுத்துக்கறது தான், அப்ப கான்ஃபிகர் பாஸ் ஆயிடும், நின்ஜா கடைசி வரைக்கும் ஓடிட்டு லிங்க் பண்றப்ப "அண்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்"னு ரெண்டு பக்கத்துக்கு கொட்டும். அந்த மாதிரி வந்தா எந்த ஃபங்ஷன்னு தேடிட்டு இருக்காதீங்க, "பிகேஜி-கான்ஃபிக் --வேரியபிள்=பிசிஃபைல்டிர் ஜிலிப்-2.0"னு அடிச்சா எந்த ஃபோல்டர்ல இருந்து படிக்குதுனு சொல்லிடும், யூஎஸ்ஆர் இல்லாம வேற எங்கயாவது காட்டுச்சுன்னா ஆள் மாட்டிக்கிட்டான்.

நீங்களே ஹோம் ஃபோல்டர்ல ஒரு லைப்ரரிய கம்பைல் பண்ணி வச்சிருந்தீங்கன்னா அது தானா தெரியாது, பிகேஜி_கான்ஃபிக்_பாத்துல சேக்கணும். இதுல ஒரு குழி இருக்கு. எல்லாரும் "லிப்/பிகேஜிகான்ஃபிக்"னு குடுப்பாங்க, ஆனா டெபியன், உபுண்டுல மீசன் லிப்புக்குள்ள எக்ஸ்86_64-லினக்ஸ்-ஜிஎன்யூனு இன்னொரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள தான் வைக்கும், ஃபெடோரால லிப்64. ஒரு "ஃபைண்ட்" அடிச்சு டாட் பிசி எங்க விழுந்துருக்குனு கண்ணால பாத்துட்டு அந்த ஃபோல்டர குடுங்க. பிகேஜி_கான்ஃபிக்_லிப்டிர்னு இன்னொரு வேரியபிள் இருக்கு, அத தெரியாம செட் பண்ணிடாதீங்க, அது சேக்காது, டீஃபால்ட் எடத்த மொத்தமா தூக்கிட்டு இத மட்டும் பாக்கும்.

"ரெக்வயர்ட் பை விர்ச்சுவல்:வேர்ல்ட், நாட் ஃபவுண்ட்"

கையால பிகேஜி-கான்ஃபிக் அடிச்சு பாக்கறவங்களுக்கு டெபியன் 12, உபுண்டு 24.04ல இப்படி வரும், ஏன்னா அதுல பழைய பிகேஜி-கான்ஃபிக்குக்கு பதிலா பிகேஜிகான்ஃப் வந்துருச்சு. விர்ச்சுவல்:வேர்ல்டுங்கறது எந்த பேக்கேஜும் இல்ல, நீங்க நேரடியா கேட்டத தான் அப்படி சொல்லுது, அத கூகுள்ல தேடாதீங்க. அந்த எடத்துல "ரெக்வயர்ட் பை கெய்ரோ"ன்னு ஒரு நிஜ பேர் இருந்தா தான் யோசிக்கணும்: கெய்ரோ இருக்கு, கெய்ரோ தன்னோட டாட் பிசில கேக்கற இன்னொண்ணு இல்ல. ஆப்ட்ல போட்ட கெய்ரோன்னா இது வராது, டெவ் பேக்கேஜே மத்தத இழுத்துட்டு வந்துடும். வந்துச்சுன்னா அந்த கெய்ரோ வேற எங்கருந்தோ வந்துருக்கு, மேல சொன்ன பிசிஃபைல்டிர் வேலைய பண்ணி பாருங்க.

"ஃபவுண்ட் 2.72.4 பட் நீட் >= 2.76.0"

இது இல்லாத கேஸ் இல்ல, பழச கண்டுபிடிச்ச கேஸ். 22.04ல இருக்கற ஜிலிப் 2.72, அது அந்த உபுண்டு இருக்கற வரைக்கும் 2.72 தான், ஆப்ட் அப்கிரேட் எத்தன தடவ அடிச்சாலும் மாறாது. இங்க மூணு வழி இருக்கு. ஒண்ணு, உங்க டிஸ்ட்ரோல இருக்கற ஜிலிப்புக்கு ஒத்து வர்ற கொஞ்சம் பழைய ஜிடிகே டேக (ஒரு ரிலீஸ் வெர்ஷன) செக்கவுட் பண்றது, என்ன கேட்டா பாதி பேருக்கு இது போதும். ரெண்டு, டிஸ்ட்ரோவையே மேல ஏத்தறது, இல்ல ஒரு கன்டெய்னர்ல புது ஃபெடோராவ போட்டு அதுக்குள்ள கம்பைல் பண்றது. மூணாவது, புது ஜிலிப்ப தனி ப்ரிஃபிக்ஸ்ல (இன்ஸ்டால் ஆகற ஃபோல்டர்) கட்டறது.

மூணாவதுக்கு போறவங்க ஒண்ண மட்டும் மனசுல வச்சுக்கங்க, ஜிலிப்ப யூஎஸ்ஆர்ல ஓவர்ரைட் பண்ணவே கூடாது. லாகின் ஸ்க்ரீன், நெட்வொர்க் மேனேஜர், சிஸ்டம் ட்ரேல இருக்கறது எல்லாமே அந்த ஒரு லைப்ரரி மேல தான் ஒக்காந்துருக்கு. ப்ரிஃபிக்ஸ்னு ஹோம்ல ஒரு ஃபோல்டர் குடுங்க, சுடோவே தேவைப்படாது, புடிக்கலன்னா ஒரு ஆர்எம் கமாண்ட்ல போயிடும்.

திடீர்னு சோர்ஸ் வச்சிருக்கற கிட்ல இருந்து ஜிலிப், பாங்கோ எல்லாம் எறங்குது

இது எர்ரர் இல்ல, ஆனா எர்ரர விட ஆபத்து இதுல அதிகம், ஏன்னா யாரும் கவனிக்க மாட்டாங்க. ஜிடிகே சோர்ஸ்ல சப்ப்ராஜெக்ட்ஸ்னு ஒரு ஃபோல்டர் இருக்கு, உள்ள டாட் ராப் ஃபைலா கெடக்கும். சிஸ்டத்துல ஒரு டிபென்டென்சி இல்லன்னாலோ பழசுன்னாலோ மீசன் அந்த ராப்ப பாத்து சோர்ஸ எறக்கி ஜிடிகேவோட சேத்து கட்டிடும், இதுக்கு பேர் தான் ஃபால்பேக். கேக்க நல்லா தான் இருக்கு, நெட் இல்லாத மெஷின்ல கிட் ஃபெயில் ஆகி நிக்கறது ஒரு தொல்லை, அது கூட பரவால்ல. நிஜ தொல்லை நின்ஜா இன்ஸ்டால் அடிக்கறப்ப வருது, ஜிடிகேவோட சேத்து அந்த புது ஜிலிப், பாங்கோ எல்லாத்தையும் அதே ப்ரிஃபிக்ஸ்ல போடும். நீங்க ப்ரிஃபிக்ஸ் குடுக்காம விட்டிருந்தா டீஃபால்ட் யூஎஸ்ஆர்/லோக்கல், உபுண்டுல எல்டிகான்ஃபிக் யூஎஸ்ஆர்/லிப்புக்கு முன்னாடி யூஎஸ்ஆர்/லோக்கல தான் பாக்கும், ஆக மொத்த டெஸ்க்டாப்பும் அடுத்த லாகின்ல உங்க ஜிலிப்ப தூக்கிட்டு ஓடும். யூஎஸ்ஆர தொடவே இல்லயேனு நெனச்சுட்டு இருப்பீங்க.

அதனால மொத தடவ செட்டப் பண்றப்ப "--ராப்-மோட்=நோஃபால்பேக்"னு குடுங்க. எது இல்லயோ அது இல்லனு மூஞ்சிக்கு நேரா சொல்லும், ஆப்ட்ல இருக்கறத எல்லாம் போட்டு முடிச்சதுக்கப்புறம் மிச்சம் ஒண்ணு ரெண்டு நின்னா, அதுவும் வேலண்ட்-ப்ரோட்டோகால்ஸ் மாதிரி வெறும் எக்ஸ்எம்எல் ஃபைல் கூட்டம்னா, அப்ப ஃபால்பேக்க ஆன் பண்ணிக்கலாம், அது ஒண்ணும் பண்ணாது. இன்னொரு விஷயம், ஒரு தடவ ஃபால்பேக்ல கட்டிட்டா அப்புறம் ஆப்ட்ல அந்த லைப்ரரிய போட்டாலும் மீசன் பழைய முடிவையே புடிச்சுட்டு இருக்கும், "மீசன் செட்டப் --வைப்"னு பில்ட் ஃபோல்டர் பேரோட அடிங்க, நீங்க குடுத்த ஆப்ஷன் எல்லாம் அப்படியே இருக்கும், தேடல் மட்டும் முதல்ல இருந்து நடக்கும்.

"ப்ரோக்ராம் நாட் ஃபவுண்ட்" வகையறா

இதெல்லாம் சீக்கிரம் முடியற விஷயம். சாஸ்சினு கேட்டா தீம சிஎஸ்எஸ்ஸா மாத்தற டூல், அதே பேர்ல பேக்கேஜ் இருக்கு. ஜிஎல்எஸ்எல்சினு கேட்டா வல்கன் ஷேடர் கம்பைலர், ரெப்போல கெடைச்சா போடுங்க, கெடைக்கலன்னா வல்கன் ஆப்ஷன டிசேபிள்ட்னு குடுத்துட்டு போங்க, ஓபன்ஜிஎல் இருக்கு. ஜிஸ்ட்ரீமர்-ப்ளேயர்னோ ஜிஸ்ட்ரீமர்-ப்ளேனோ கேட்டா அது ப்ளகின்ஸ்-பேட்ங்கற டெவ் பேக்கேஜ்ல இருக்கு, பேர பாத்து யோசிக்காதீங்க, வீடியோ தேவையில்லன்னா மீடியா-ஜிஸ்ட்ரீமர டிசேபிள் பண்ணிடலாம். ஜிஆப்ஜெக்ட்-இன்ட்ரோஸ்பெக்ஷன் கேட்டா பைத்தான்லயோ ஜாவாஸ்கிரிப்ட்லயோ ஜிடிகே எழுதறவங்களுக்கு அது கட்டாயம் வேணும், சி மட்டும் எழுதறவங்க டிசேபிள் பண்ணிக்கலாம். என்னென்ன ஆப்ஷன் இருக்குனு "மீசன் கான்ஃபிகர்" அடிச்சா முழு லிஸ்ட் வரும், வெர்ஷனுக்கு வெர்ஷன் பேர் மாறிருக்கு, அதனால யாரோ எழுதி வச்சத அப்படியே ஒட்டாதீங்க, இத பாத்து குடுங்க.

பைத்தான் சம்பந்தமா ரெண்டு வரும். "நோ மாட்யூல் நேம்ட் டிஸ்ட்யூட்டில்ஸ்"னு வந்தா பைத்தான் 3.12ல அத தூக்கிட்டாங்க, பழைய இன்ட்ரோஸ்பெக்ஷன் டூல் அத தேடுது, பைத்தான்3-செட்டப்டூல்ஸ் போட்டா சரியாகும். "பேக்கேஜிங் மாட்யூல் இல்ல"ன்னா பைத்தான்3-பேக்கேஜிங், புது ஜிலிப் கட்டறப்ப வர்றது.

"மீசன் வெர்ஷன் 0.61.2, ப்ராஜெக்ட் ரெக்வயர்ஸ்..."

22.04ல இருக்கற மீசன் அது தான். பைத்தான்ல ஒரு வென்வ் (சிஸ்டத்த தொடாத தனி பைத்தான் ஃபோல்டர்) போட்டு அதுக்குள்ள பிப்ல மீசன் போடுங்க, நேரா பிப் அடிச்சா புது டெபியன், உபுண்டுல "எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்"னு தடுத்துடும், அத மீறறதுக்கு ஃப்ளாக் இருக்கு, வேணாம். இதுல மாட்டறது எங்கன்னா, வென்வ்ல புது மீசன வச்சு கட்டிட்டு கடைசில "சுடோ மீசன் இன்ஸ்டால்" அடிப்பாங்க, ரூட்டுக்கு உங்க வென்வ் தெரியாது, சிஸ்டத்துல இருக்கற பழைய மீசன் வந்து இந்த பில்ட் ஃபோல்டர் எனக்கு ஒத்து வராதுனு கத்தும். ஹோம்ல ப்ரிஃபிக்ஸ் வச்சவங்களுக்கு சுடோவே இல்ல, இந்த பிரச்சனையும் இல்ல.

மேல சொன்ன எதுலயும் அடங்கலன்னா பில்ட் ஃபோல்டருக்குள்ள மீசன்-லாக்ஸ்ல மீசன்-லாக்.டிஎக்ஸ்டி இருக்கு. ஸ்க்ரீன்ல ஒரு லைன் தான் வரும், அதுல எந்த கமாண்ட் அடிச்சுது, என்ன பதில் வந்துச்சுனு முழுசா இருக்கும். கடைசில இருந்து மேல படிங்க. யார்கிட்டயாவது உதவி கேக்கறதா இருந்தாலும் அந்த லாக் இல்லாம கேக்காதீங்க, "நாட் ஃபவுண்ட் வருது ப்ரோ"ன்னு மட்டும் சொன்னா யாராலயும் எதுவும் பண்ண முடியாது.

கம்பைல் ஆச்சு, ரன் பண்ணா "லிப்ஜிடிகே-4.எஸ்ஓ.1 கேனாட் ஓபன்"

தனி ப்ரிஃபிக்ஸ்னா, ரன் பண்றப்ப லைப்ரரிய எடுத்துட்டு வர்ற லோடருக்கு அந்த எடம் தெரியாது, எல்டி_லைப்ரரி_பாத்துல சேருங்க, இங்கயும் அதே எக்ஸ்86_64 ஃபோல்டர் குழி தான். சும்மா டெஸ்ட் பண்ணி பாக்க மட்டும்னா இன்ஸ்டாலே வேணாம், "மீசன் டெவ்என்வ் -சி" குடுத்து பில்ட் ஃபோல்டர் பேர போட்டா ஒரு ஷெல் தொறக்கும், தேவையான வேரியபிள் எல்லாம் அதுவே செட் பண்ணி வச்சிருக்கும்.

ஆப் தொறந்து ஃபைல் சூசர் வர்ற எடத்துல "செட்டிங்ஸ் ஸ்கீமா ஈஸ் நாட் இன்ஸ்டால்ட்"னு செத்துப் போச்சுன்னா எக்ஸ்டிஜி_டேட்டா_டிர்ஸ்ல உங்க ப்ரிஃபிக்ஸோட ஷேர் ஃபோல்டர சேக்கல. சேக்கறப்ப யூஎஸ்ஆர்/லோக்கல்/ஷேர், யூஎஸ்ஆர்/ஷேர் ரெண்டையும் பின்னாடி போடுங்க, இல்லன்னா ஐக்கான் எல்லாம் காணாம போயிடும்.

எல்லாம் ஓடுது, ஆனா தமிழ் எழுத்து மட்டும் கட்டம் கட்டமா வருது

"எஃப்சி-லிஸ்ட் :லாங்=டிஏ" அடிங்க. ஒண்ணுமே வரலன்னா தமிழ் ஃபான்டே இல்ல, ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் போடுங்க, வேலை முடிஞ்சுது. லிஸ்ட்ல ஃபான்ட் வருது, ஆனா உங்க ஜிடிகேல மட்டும் கட்டம்னா, டெர்மினல்ல "ஃபான்ட்கான்ஃபிக் எர்ரர்: கேனாட் லோட் டீஃபால்ட் கான்ஃபிக் ஃபைல்"னு ஒரு லைன் எங்கயாவது ஓடிருக்கும், மேல போய் பாருங்க. ஃபான்ட்கான்ஃபிக் டெவ் இல்லாததால ஃபால்பேக்ல ஒரு ஃபான்ட்கான்ஃபிக் கட்டப்பட்டிருக்கு, அது ஈடிசி/ஃபான்ட்ஸ்ல தேடாம உங்க ப்ரிஃபிக்ஸுக்குள்ள ஈடிசி/ஃபான்ட்ஸ தேடுது. "எல்டிடி" அடிச்சு லிப்ஃபான்ட்கான்ஃபிக் எங்கருந்து வருதுனு பாத்தா தெரிஞ்சுடும். அவசரத்துக்கு ஃபான்ட்கான்ஃபிக்_ஃபைல் வேரியபிள்ல ஈடிசி/ஃபான்ட்ஸ்/ஃபான்ட்ஸ்.கான்ஃப் குடுத்து ஓட்டிக்கலாம், ஆனா ஒழுங்கா பண்ணனும்னா லிப்ஃபான்ட்கான்ஃபிக்1-டெவ் போட்டுட்டு --வைப் குடுத்து திரும்ப கட்டுங்க. கட்டறப்ப லாக்ல "ரன்-டைம் டிபென்டென்சி ஃபான்ட்கான்ஃபிக் ஃபவுண்ட்: எஸ்"னு வருதானு பாத்துக்கங்க, வந்தா சிஸ்டத்துல இருக்கறத எடுத்துக்கிச்சு.